மிலிட்டரி வீட்டு ஆயாவின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி?

வேலூர் மாவட்டத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் பட்டாளத்துக்குப் போகாத தெருவே கிடையாது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றுதான் சொல்வார்கள். வேலூர் டவுனில் லாங்கு பஜார் பக்கம் இருக்கும் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் வெட்டியிருக்கிறது. அந்த 277 பேருக்காக வீட்டில் காத்திருந்த பெண்களைப் பற்றி எந்தக் கல்லிலும் ஒரு வரி இல்லை.

எங்கள் ஆயாவும் (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்) அப்படிக் காத்திருந்தவர்தான். தாத்தா ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் 1959-ல் சேர்ந்து 1983-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். ஆயாவைக் கட்டிக்கொண்டது 1964-ல். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒரே கூரையின் கீழ் இருந்தது குடும்பத்தோடு தங்க ராணுவ குவார்ட்டர்ஸ் கிடைத்த காலமும் லீவு நாட்களும் மட்டும்தான். ஆயா போன பிறகு அவர் வாழ்க்கையை எழுதி ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டோம். அதைப் பார்த்துவிட்டு சொந்தக்காரர்கள் சிலர் தங்கள் வீட்டு ஆயாவுக்கும் அப்படிச் செய்ய வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டாளத்துக்காரர் மனைவியின் கதையை எழுத உட்கார்ந்தால் அது தானாகவே அவர் கணவரின் கதையாக மாறிவிடும். பதக்கம், போர், ஊர் பெயர் எல்லாம் அவர் பக்கம் இருக்கும். ஆயா பக்கம் ஒரு காகிதம்கூட இருக்காது. அதனால் தாத்தாவின் காகிதங்களை தேதி பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, அந்தத் தேதியில் ஆயா எங்கே இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று தேட வேண்டும். வேலை முழுக்க அதுதான்.

காகிதங்களைக் கொடுப்பதற்கு முன்னால்

காரியம் முடிந்த கையோடு வீட்டு ஆண்கள் பேமிலி பென்ஷனை நிறுத்த பேங்குக்குப் போவார்கள். கேன்டீன் கார்டு, மருத்துவமனை கார்டு எல்லாம் ஒப்படைக்கும் பேச்சு வரும். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். பகலில், வாசல் திண்ணையில் நேர் வெயில் படாத இடத்தில், ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்து செல்போனில் எடுத்தாலே போதும். பிளாஷ் வேண்டாம்.

பென்ஷன் ஆர்டரை, அதுதான் பிபிஓ என்பார்களே அதை, நிதானமாகப் பாருங்கள். தாத்தாவின் ஆர்மி நம்பர், ராங்க், சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி அதில் இருக்கும். ஆயாவின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். பென்ஷன் பேப்பர்களோடு கணவன் மனைவி சேர்ந்து எடுத்த ஜாயின்ட் போட்டோ ஒன்றும் கேட்பார்கள். பல வீடுகளில் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரே படம் அதுதான். அதன் காப்பி எங்காவது கிடக்கும், தேடுங்கள்.

ஆயாவின் பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பெண்களுக்கு யாரோ ஒருவர் குத்துமதிப்பாக எழுதிவிட்ட தேதி அது. ஆயாவைவிட ஒரு வயது மூத்தவர் யார், இளையவர் யார் என்று ஊரில் கேட்டால் உண்மைக்கு நெருங்கலாம். எங்கள் ஆயாவின் பெயரே ரெக்கார்டில் ஒரு எழுத்து மாறித்தான் இருந்தது. தாத்தா இறந்த பிறகு அந்த ஒரு எழுத்துக்காக ஒரு அலுவலகத்துக்கும் இன்னொரு அலுவலகத்துக்கும் அவர் நடந்த நடை கொஞ்சமல்ல. மஞ்சப்பையில் காகிதங்களைச் சுற்றிக்கொண்டு, கூடவே ஒரு தூக்கில் மோர் எடுத்துக்கொண்டு விடியற்காலை பஸ்ஸுக்குப் போவார். கடைசியில் திருத்தி வாங்கினார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள், புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம் கொடுங்கள்.

தாத்தாவின் பதக்கத்திலிருந்து ஆயாவின் வருஷங்களுக்கு

டிஸ்சார்ஜ் புக், அதாவது பட்டாளத்திலிருந்து வரும்போது கொடுக்கும் சர்வீஸ் விவரப் புத்தகம், இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது இல்லையென்றால் தாத்தாவின் படைப்பிரிவுக்கான ரெக்கார்ட் ஆபீசுக்கு ஆர்மி நம்பரைக் குறிப்பிட்டு வீட்டார் கடிதம் எழுதிக் கேட்கலாம். மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு ஊட்டி பக்கம் வெலிங்டன், ராணுவ வண்டி, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஈஎம்ஈக்கு செகந்திராபாத், தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு. எதுவும் புரியவில்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பதக்கங்களையும் எடுத்துப் பாருங்கள். விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். ரக்‌ஷா மெடல் என்றால் 1965 போர்க் காலத்தில் பணியில் இருந்தவர். சங்க்ராம் மெடல் 1971-க்கானது. அதோடு பஷ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்குப் பக்கம், பூர்வி ஸ்டார் இருந்தால் வங்காளப் பக்கம் இருந்தார் என்று அர்த்தம். சைன்ய சேவா மெடலின் ரிப்பனில் ஒரு சின்னப் பட்டை இருந்தால் அதில் ஜம்மு காஷ்மீர், ஹிமாலயா என்று இடத்தின் பெயர் இருக்கும்.

இப்போது ஒரு நோட்டை எடுத்து பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் தாத்தா, வலது பக்கம் ஆயா. 1965 செப்டம்பர்: தாத்தா போரில். ஆயா? எங்கள் ஆயா அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்தான். மாமியார் வீட்டில், வயிற்றில் என் பெரியம்மா. 1971 டிசம்பர் 3 முதல் 17 வரை மேற்குப் பக்கம் போர். தாத்தாவிடம் பஷ்சிமி ஸ்டார் இருக்கிறது. ஆயா? மாலையானால் பஞ்சாயத்து ரேடியோ முன்னால் மற்ற மிலிட்டரி வீட்டுப் பெண்களோடு நிற்பாராம், இடுப்பில் என் அம்மா. இடது பக்கம் சீக்கிரம் நிரம்பிவிடும். வலது பக்கம் காலியாகக் கிடக்கும் வருஷங்கள்தான் நீங்கள் விசாரிக்க வேண்டிய வருஷங்கள்.

கடிதங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழியுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் கடிதங்கள் இரண்டு இடத்தில் இருந்தன. ஒன்று, தாத்தாவின் கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளை பெயின்ட்டில் நம்பர், ராங்க், பெயர். உள்ளே ஆயாவின் கூறைப் புடவைக்கு அடியில் இன்லேண்ட் லெட்டர்கள் ஒரு கட்டு. இன்னொன்று, சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய குத்துக்கம்பி. அதில் ரேஷன் பில், கரன்ட் பில்லோடு சேர்த்து மணியார்டர் கூப்பன்கள் குத்தியிருந்தன. போஸ்ட்மேன் பணத்தைக் கொடுத்துவிட்டு அடித்துண்டைக் கிழித்துக் கொடுப்பாரே, அதுதான். அதில் இரண்டு வரி எழுத மட்டும்தான் இடம் இருக்கும். "பால்காரனுக்குக் கொடு. மீதியில் உனக்கு ஒரு புடவை, மறக்காதே" என்று ஒன்றில் இருக்கிறது. அதே மாசத்து இன்னொரு கூப்பன் இல்லை, புடவை வாங்கியதாக யாருக்கும் நினைவும் இல்லை. பெரியம்மாவின் பள்ளிக்கூட சர்டிபிகேட்டைப் பார்த்தால் அந்த ஜூன் மாசம்தான் அவரை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள்.

பழைய இன்லேண்ட் மடிப்பில்தான் முதலில் பிய்யும். விரித்து விரித்து மடிக்காதீர்கள். ஒருமுறை விரித்தால் போட்டோ எடுத்துவிட்டு, விரித்தபடியே இரண்டு வெள்ளைத்தாள் நடுவில் வைத்துவிடுங்கள். செல்லோ டேப் ஒட்டவே கூடாது, சில வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து எடுத்துவிடும். லாமினேஷனும் வேண்டாம். முகவரிப் பக்கத்தையும் முத்திரையையும் தவறாமல் போட்டோ எடுங்கள். மிலிட்டரிக்காரர் கடிதத்தில் ஊர் பெயர் இருக்காது, 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ஏபிஓ என்றால் ராணுவத் தபால் அலுவலகம்) என்றுதான் இருக்கும். 56 என்றால் டெல்லி வழியாகப் போகும் வடக்கு, மேற்குப் பக்கத்துத் தபால். 99 என்றால் கல்கத்தா வழியாகப் போகும் கிழக்குப் பக்கத்துத் தபால். ஆயா அந்த எண்ணை வைத்துத்தான் "இப்ப பனி இருக்கிற ஊர்ல இருக்காரா, மழை இருக்கிற ஊர்ல இருக்காரா" என்று கண்டுபிடிப்பாராம்.

தாத்தா எழுதியது எல்லாம் இருக்கும். ஆயா எழுதியது ஒன்றுகூட இருக்காது. ஊர் ஊராக மாறும் சிப்பாய் கடிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அதனால் தாத்தாவின் கடிதங்களில் ஆயாவுக்குப் பதில் சொல்லும் வரிகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எடுத்தெழுதுங்கள். "நீ எழுதியிருந்தாயே", "நீ கேட்டபடி", "உன் யோசனைப்படி" என்று ஆரம்பிக்கும் வரிகள். 1972 ஜனவரிக் கடிதம் ஒன்றில் தாத்தா இப்படி எழுதியிருக்கிறார்: "கிணற்றுக்குக் கல் கட்டுவதைவிட உறை இறக்கலாம் என்று நீ எழுதியது சரி. மணலில் கல் நிற்காது. பணம் அடுத்த மாசம் பாதி, தை கழித்து மீதி அனுப்புகிறேன். ஆளைப் பேசிவிடு." எங்கள் நிலம் பாலாற்றுப் பக்கம். அந்த உறைக் கிணறு தாத்தா வெட்டிய கிணறு என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். யோசனையும் ஆயாவுடையது, ஆளைப் பேசி, நின்று, உறை இறக்கியதும் ஆயா. தாத்தா லீவில் வந்தபோது கிணற்றில் தண்ணீர் இருந்தது. இப்படி எடுத்தெழுதிய வரிகளைத் தேதி வாரியாகப் படித்தால் ஆயாவின் குரல் கேட்க ஆரம்பிக்கும்.

ஆயாவுக்கு எழுதத் தெரியாது என்றால் எழுதிக் கொடுத்தவர் யார் என்று தேடுங்கள். எங்கள் தெருவில் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்த ஒரு பையன்தான் தெருவுக்கே எழுதிக் கொடுப்பானாம். இப்போது அவர் பேரன் எடுத்த பெரியவர். "உங்க ஆயா சொல்றதை சொல்லிட்டு, கடைசியில 'இதையும் போடு'ன்னு ஒண்ணு சொல்லும். அப்புறம் 'வேணாம், அடிச்சிடு'ன்னும். அடிச்சா திட்டுவாரேன்னு நான் அடிக்காமலே அனுப்பிடுவேன்" என்றார். அதில் ஒன்று என்ன என்று கேட்டேன். "'இந்த வருஷம் மாம்பழ காலத்துல வர முடியுமா'ன்னு கேட்டுச்சி" என்றார். அந்த வரியை அப்படியே போட்டிருக்கிறேன்.

ஆட்களிடம் கேட்பது

"ஆயாவைப் பத்தி சொல்லுங்க" என்று கேட்டால் எல்லோரும் "தங்கமானவங்க" என்பார்கள், அதோடு முடிந்தது. ஒரு பொருளையோ ஒரு நாளையோ காட்டிக் கேளுங்கள். பெட்டி, ஹோல்டால், கம்பளி, எனாமல் குவளை எதையாவது கையில் எடுத்துக்கொண்டு போங்கள். தாத்தா லீவு முடிந்து கிளம்பும் நாளில் ஆயா என்ன சமைத்தார் என்று என் சின்ன ஆயாவிடம் கேட்டேன். "அன்னிக்கி அடுப்பே பத்த வெக்காது. முந்தின நாளே முறுக்கும் அதிரசமும் சுட்டு டின்னுல அடைச்சி வெச்சிடும். காட்பாடிக்கு வண்டியேத்தப் போவாது. அவரு தெருமுனை திரும்பினதும் காட்டுக்குப் போயி வேர்க்கடலை ஆய உட்கார்ந்திடும். யாரும் பக்கத்துல போவ மாட்டோம்" என்றார். நான் வேறு எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும் இது கிடைத்திருக்காது.

செல்போனில் ரெக்கார்ட் செய்யும்போது சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பெரியவர்கள் முதலில் கூச்சப்படுவார்கள், போனைக் கவிழ்த்து வைத்தால் மறந்துவிடுவார்கள். அமைதியாக இருக்கும்போது அடுத்த கேள்வியை எறியாதீர்கள். அந்த இடைவெளியில்தான் நல்லதெல்லாம் வரும்.

குவார்ட்டர்ஸ் காலத்தைத் தனியாகக் கேளுங்கள். ஜவான்களுக்கு முறை வந்தால்தான் குவார்ட்டர்ஸ், அதனால் அது இரண்டு மூன்று வருஷமாகத்தான் இருக்கும். ஆனால் ஆயாக்கள் அதிகம் சிரித்துப் பேசுவது அந்தக் காலத்தைப் பற்றித்தான். மெட்ராஸ் சென்ட்ரலில் கிராண்ட் டிரங்க் ஏறி இரண்டு ராத்திரி, மண்ணெண்ணெய் ஸ்டவ், பக்கத்து வீட்டு பஞ்சாபிக்கார அம்மாவிடம் சப்பாத்தி பழகியது, அவருக்கு இட்லி மாவு கொடுத்தது, ஸ்வெட்டர் பின்னக் கற்றது. எங்கள் ஆயா ஊருக்குத் திரும்பி வந்து தெருவில் அரை டஜன் பெண்களுக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்தார். வெயில் கொளுத்தும் வேலூரில் யாருக்கு ஸ்வெட்டர்? அவர்கள் வீட்டு ஆண்களும் பனியில்தான் இருந்தார்கள்.

ஒப்பாரி வைத்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். சாவு வீட்டில் ரெக்கார்ட் செய்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் சில மாசம் கழித்து, மனம் ஆறிய பிறகு, அன்று என்ன சொல்லி அழுதீர்கள் என்று மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். "தந்திக்காரன் வந்தா தாழ்ப்பாள போட்டவளே" என்று எங்கள் ஆயாவுக்கு ஒரு வரி பாடியிருக்கிறார்கள். பட்டாளத்துக்காரர் வீட்டுக்குத் தந்தி வந்தால் அது எந்தச் செய்தி என்று திறக்காமலே தெரியும் காலம் அது. ஒருநாள் ஆயா கதவைத் திறக்கவே இல்லையாம். திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்து, பொறுக்க முடியாமல் தந்திக்காரரே வெளியிலிருந்து கத்தியிருக்கிறார்: "அம்மா, லீவுல வராராம்!"

பேரப்பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள், முதலில் பேசுபவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். தனித்தனியாகக் கேட்டு, ஆளுக்கு ஒரு விஷயம் எழுதி வாங்குங்கள். ஆயா உங்களுக்குக் கையால் செய்யக் கற்றுத்தந்தது என்ன என்று கேட்டால் போதும். எங்கள் வீட்டில் கம்பளியை முனை பிசகாமல் மடிப்பது என்று இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவன், "ஊருக்குக் கிளம்பறவங்க முன்னாடி அழக்கூடாது, அவங்க போனப்புறம் அழுவலாம்" என்று எழுதினான். அவனும் இப்போது சர்வீஸில் இருக்கிறான்.

வலிக்கிற விஷயங்கள்

இவை வரும். மாமியார் கொடுமை, பங்காளிச் சண்டை, தாத்தாவின் குடி, ஏதோ ஒன்று. என் அளவுகோல் இதுதான்: ஆயா தன் வாயால் பலர் முன்னால் சொன்னதை எழுதலாம். ஒருவரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னதை எழுத வேண்டாம்.

1968-ல் ஆயாவுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து சில மாசத்தில் காய்ச்சலில் போய்விட்டது. தாத்தா ஃபீல்டில் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தக் குழந்தையை தாத்தா பார்க்கவே இல்லை, போட்டோவும் கிடையாது. பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும் ஆயா அந்தக் குழந்தையையும் சேர்த்து நாலு என்றுதான் சொல்வார். ரேஷன் கார்டிலும் பென்ஷன் பேப்பரிலும் மூன்றுதான் இருக்கிறது. புத்தகத்தில் குடும்ப விவரம் போட்டபோது நாலு பேரையும் போட்டோம், அந்தப் பையனின் பெயரோடு. உங்கள் ஆயா எண்ணிய கணக்கையே நீங்களும் எழுதுங்கள்.

எழுதும்போது

"தியாகத்தின் திருவுருவம்", "அன்பின் சிகரம்" எல்லாம் ஃப்ளெக்ஸ் பேனருக்கு. அந்த வார்த்தை எந்த ஆயாவுக்கும் பொருந்தும், அதனால் உங்கள் ஆயாவை அதில் பார்க்க முடியாது. அவர் செய்த காரியத்தை எழுதுங்கள், தேதியோடும் இடத்தோடும். கிணறு இறக்கினார், பெயரைத் திருத்தினார், மூன்று பிள்ளைகளையும் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார். தாத்தா மேல் அவருக்கு இருந்த பிரியத்தைச் சொல்ல அடைமொழி தேவையில்லை. தாத்தா 1998-ல் இறந்த பிறகும் ஒவ்வொரு நவம்பரும் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போகும் அன்று, அவர் வாங்கிக் கொடுத்த புடவையைத்தான் கட்டிக்கொண்டு போவார் என்று எழுதினாலே போதும்.

அவர் பேசிய பேச்சை அப்படியே பேச்சுத்தமிழில் போடுங்கள், இலக்கணம் திருத்தாதீர்கள். இடையில் வரும் இந்தி வார்த்தைகளும் அப்படியே இருக்கட்டும்.

படத்திறப்பன்று யாராவது பேச வேண்டும் என்றால் மொத்தத்தையும் வாசிக்க வேண்டாம். வந்தவர்களுக்கு சாப்பாட்டு நேரம். ஒரே ஒரு சம்பவம், ஐந்து நிமிஷம். முழுப் புத்தகத்தை வருஷ திவசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் தேட, ஆட்களைப் பார்க்க அந்த ஒரு வருஷம் தேவைப்படும்.

அச்சுக்குப் பெரிய பிரஸ் எதுவும் வேண்டாம், டவுனில் டிடிபி சென்டரிலேயே போடலாம். எழுத்து பெரிதாக இருக்கட்டும், படிக்கப்போவது பெரும்பாலும் கண்ணாடி போட்டவர்கள். படங்களுக்குக் கீழே இருப்பவர்களின் பெயர், உறவு முறை, வருஷம் மூன்றையும் போடுங்கள். "குடும்பத்தினருடன்" என்று போட்டால் இன்னும் இருபது வருஷத்தில் அது யார் என்று சொல்ல ஆள் இருக்காது. பின்னால் நாலைந்து பக்கம் காலியாக விடுங்கள், எங்கள் வீட்டுப் பிரதிகளில் அத்தைகள் அதில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஆயாவோடு அதிக காலம் இருந்த ஒருவரை உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். சின்ன ஆயா இரண்டு இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். ஒன்று ஒரு மாட்டின் பெயர், இன்னொன்று உறை இறக்கிய ஆளின் ஊர். இரண்டையும் மாற்றிய பிறகுதான் பிரின்டுக்குக் கொடுத்தோம்.